திருப்பிக் கேட்ட மன்னிப்பு

டீச்சருக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் இல்லை அவள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பாள். மற்ற ஆறு நாளும் சலவைக்கூடத்தில் பதினான்கு பெண்களை மேய்ப்பாள். இரண்டு இடத்திலும் ஒரே குரல்தான். விரிப்பு கோணலாக மடிந்தாலும் சரி, மனப்பாட வசனம் கோணலாக வந்தாலும் சரி, "திரும்ப, முதல்லேர்ந்து" என்பாள். டீச்சர் என்ற பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதெல்லாம் சும்மா வாய்க்கோபம். நிஜக் கோபம் எப்படி இருக்கும் என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் அவளுக்கே தெரிய வந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றும் புரியவில்லை. ஏனென்றால் அதில் முக்கால்வாசி அவள் மேலேயே வந்த கோபம்.

நடந்தது இதுதான். அந்தக் கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் விரிப்பும் தேய்க்கிற பெரிய உருளை மெஷின் ஒன்று உண்டு. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலம். ஈர விரிப்பின் விளிம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொடுத்தால், கொதிக்கிற உருளை அதை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் காயவைத்துத் தள்ளிவிடும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். விரல் அதில் பட்டால் போதும், மெஷின் அப்படியே நின்றுவிடும். கையைக் காப்பாற்றத்தான் அந்தக் கம்பி. ஆனால் பாழாய்ப்போன அந்தக் கம்பிக்கு விரல் எது, தடித்த மடிப்பு எது என்று தெரியாது. துணியின் மூலை சற்று சுருண்டு வந்தால்கூட நின்று தொலைக்கும். ஒரு ஷிப்டுக்கு நாற்பது தடவை நிற்கும்.

முதலாளி அந்தக் கம்பியைக் கட்டும்படி ஒருநாளும் சொன்னதில்லை. "நாலு மணிக்கு வண்டி வருது டீச்சரம்மா. அறுநூறு விரிப்பு. எப்படி முடிப்பீங்களோ எனக்குத் தெரியாது" என்பார், அவ்வளவுதான். எப்படி என்பது தனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். டீச்சர் ஒரு பழைய விரிப்பிலிருந்து நாடா மாதிரி ஒரு துண்டு கிழித்து, கம்பி அசையாதபடி பின்னால் இழுத்துக் கட்டினாள். இரண்டு முடிச்சு. சும்மா சொல்லக் கூடாது, அதற்கப்புறம் அறுநூறு விரிப்பு மூன்றரை மணிக்கே முடிந்தது. முதலாளி, "உங்க கையில ஆசீர்வாதம் இருக்கும்மா" என்றார். அவளும் பூரித்துப்போனாள். முடிச்சு இரண்டு வருஷம் அப்படியே இருந்தது. மெஷினில் நிற்கும் பெண்கள் அதற்குத் தகுந்தபடி கையைப் பின்னால் வைத்துப் பழகிக்கொண்டார்கள்.

பழகாதவள் வாயாடி ஒருத்திதான். அவள் மடிப்பு மேசைக்காரி, சேர்ந்து எட்டு மாதம். வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. காலையில் புருஷன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதில் ஆரம்பித்தால், சாயந்திரம் மகள் வீட்டுப்பாடத்தில் வந்து நிற்பாள். நடுவில் மூச்சு விடுவாளா என்று பெண்கள் பந்தயம் கட்டுவார்கள். ஒரு புதன்கிழமை மெஷின்காரி ஒருத்தி லீவு போட்டாள். "நீ வந்து பிடிடி" என்று டீச்சர்தான் அவளை இழுத்து நிறுத்தினாள். வேலையில் சேர்ந்த அன்று, "பயப்படாதே, கம்பி இருக்கு. விரல் பட்டா நின்னுடும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் டீச்சர்தான். கம்பியைக் கட்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. கட்டியிருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பதினோரு மணிக்கு ஒரு மூலை சுருண்டது. வாயாடி கம்பியை நம்பிக் கையை நீட்டினாள்.

வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது. எதிரே நின்றவள் சிவப்புப் பொத்தானை அடித்து, உருளையைத் தூக்கி, கையை எடுப்பதற்குள் ஆகவேண்டியது ஆகிவிட்டது. அந்த அலறலைப் பற்றி எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். டீச்சர் ஓடவில்லை. நின்று, இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, நாடாவைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அதற்கப்புறம் ஓடினாள். முடிச்சை அவிழ்க்கும்போது கை நடுங்கக்கூட இல்லை. பின்னால் நினைத்து நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். முதலாளி சபையில் மூப்பர். திங்கட்கிழமைதோறும் வேலை தொடங்கும் முன் கூடத்திலேயே பத்து நிமிஷம் ஜெபம் நடத்துகிறவர். அவர் கத்தவில்லை. தண்ணீர் கொடுத்தார். "முட்டி போடுங்க, ஜெபிக்கலாம்" என்றார். இரண்டு பேரும் முழங்காலில் நின்றார்கள். அவர் கண்ணீரோடுதான் ஜெபித்தார். எழுந்ததும், "கர்த்தர் மன்னிச்சிட்டார் டீச்சரம்மா. அவர் அழிச்ச எழுத்தை நீங்க திரும்ப எழுதாதீங்க. அது அவிசுவாசம்" என்றார். பிறகு மேசையிலிருந்து விபத்து அறிக்கையை எடுத்து நீட்டினார். காரணம் என்ற இடத்தில், பணியாளர் பேச்சுக் கவனத்தில் கையை உள்ளே விட்டுவிட்டார் என்று எழுதியிருந்தது. கீழே மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

டீச்சர் கையெழுத்துப் போட்டாள். இன்னும் கேளுங்கள், போட்டதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது! தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கிருபை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள்.

யாரும் சந்தேகப்படவும் இல்லை. வாயாடி என்று பேர் வைத்தாயிற்று, அப்புறம் என்ன விசாரணை? "பேசிக்கிட்டே கையை விட்டிருப்பா" என்றார்கள் ஆஸ்பத்திரியில். "நான் அப்பவே நினைச்சேன்" என்றார்கள் தெருவில். முடிச்சைப் பற்றித் தெரிந்த மெஷின்காரிகள் வாயைத் திறக்கவில்லை. அவரவர் வேலை அவரவருக்கு.

பத்து நாள் கழித்து வாயாடியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு விரல் போய்விட்டது. மற்ற மூன்றும் மடங்குமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். அவளும் அந்தச் சபைதான், கடைசி பெஞ்சு. அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலு பெண்கள் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கக் கிளம்பினார்கள். டீச்சரையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒற்றை அறை வீடு. கட்டிலில் வாயாடி சுவரோடு சாய்ந்திருந்தாள். வலது கை முழுக்கக் கட்டு. எட்டு வயது மகள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். தலையை அப்பன் வாரிவிட்டிருந்தான் போலிருக்கிறது, வகிடு வளைந்து நெளிந்து கிடந்தது. அத்தனை பேர் போய் நின்றும் வாயாடி வாயே திறக்கவில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். ஜெபத்தை நடத்தியது கண்ணாடி போட்ட அம்மா, சபையில் பெண்களுக்குத் தலைவி. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு இனிமேலாவது நிதானத்தைக் கொடும், நாவைக் காக்கிற கிருபையைக் கொடும்" என்று வேண்டிக்கொண்டாள். நல்ல மனுஷிதான். கையைப் பறிகொடுத்தவளின் கட்டிலருகே நின்று அவள் நாக்கைப் பற்றி ஜெபிக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆமென் சொல்லி முடித்ததும் வாயாடி டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், நான் வேலையில சேர்ந்த அன்னைக்கே நீங்க சொன்னீங்க, கம்பியில விரல் பட்டா நின்னுடும்னு. எனக்குப் பட்ட மாதிரிதான் ஞாபகம். ஆனா நிக்கலையே. அப்ப நான் தொட்டிருக்க மாட்டேன். பேச்சு மும்முரத்துல எங்கேயோ பார்த்துக்கிட்டு விட்டிருக்கேன். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. என்னை மன்னிச்சிடுங்க டீச்சர்."

நாலு பெண்களும் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரம்மா முழங்கையால் இடித்தாள். "சொல்லுங்க டீச்சர். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பிள்ளை மனசு ஆறும்."

"மன்னிச்சிட்டேன்" என்றாள் டீச்சர்.

அந்த வாயை என்ன செய்யலாம், சொல்லுங்கள்! தடுமாறக்கூட இல்லை. பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில், திருத்தமாக வந்தது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றி எறிந்தாள். பாத்திரத்தை எடுத்துத் தொட்டியில் போட்டு மடார் மடார் என்று தேய்க்க ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஞாயிறு ஒருநாள்தான் அவர் காதுக்கு ஓய்வு. படுத்திருந்தவர் எழுந்து வந்தார்.

"பாத்திரம் என்னம்மா பாவம் பண்ணிச்சு?"

"பாவத்தைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க!" என்று சீறினாள். சீறிய வேகத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முடிச்சு, அவிழ்த்தது, முதலாளியின் ஜெபம், கையெழுத்து, கடைசியாக அந்த மன்னிச்சிட்டேன்.

அவர் குழாயை மூடினார். பிறகு, "அவ உன்கிட்ட மன்னிப்பு கேட்டா. நீ குடுத்தியா?" என்றார்.

"குடுத்தேன்."

"அடக் கடவுளே! என்ன நெஞ்சழுத்தம் உனக்கு." அவர் அவளைத் திட்டி அவள் கேட்டதே இல்லை. "இதை ஏன் என்கிட்ட சொல்லி அழுற? முதலாளிகிட்ட அழுதே, இப்ப என்கிட்ட அழுற. கை போனவளைத் தவிர ஊர்ல எல்லார்கிட்டயும் அழுதுட்டே."

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதால் இன்னும் அதிகமாகக் கொதித்தது.

திங்கட்கிழமை காலை, கூடத்தில் வழக்கம்போல எல்லோரும் வட்டமாக நின்றார்கள். முதலாளி கண்ணை மூடி, "நடந்ததை மறந்து, ஒருவரையொருவர் மன்னித்து, ஒரே குடும்பமாய் முன்னேற உதவி செய்யும்" என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். ஓரத்தில் மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. கம்பியில் புது நாடா கட்டியிருந்தது! டீச்சர் கட்டவில்லை. மெஷின்காரிகளே கட்டியிருந்தார்கள். நாலு மணி வண்டி நிற்கவில்லையே. டீச்சர் போய் அந்த முடிச்சை அவிழ்த்தாள்.

"ஐயா, எனக்கு ஆமென் சொல்ல வரல" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "வாயாடி பேசினதால கை போகல. கம்பியைக் கட்டினது நான். அவ கத்திக்கிட்டிருக்கும்போது அவிழ்த்ததும் நான். அந்த அறிக்கையில எழுதினது பொய். இந்தக் கையாலதான் கையெழுத்துப் போட்டேன்."

பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முதலாளி சிரித்தபடியே, "டீச்சரம்மாவுக்கு மனசு சரியில்ல. எல்லாரும் வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது.

"கர்த்தர் மன்னிச்சதை நீங்க நம்பலையா? அவர் ரத்தம் போதாதுன்னு சொல்றீங்களா?"

"அவர் மன்னிச்சார். இல்லைன்னு சொல்லல" என்றாள் டீச்சர். குரல் உயர்ந்துகொண்டே போனது, அவள் அடக்கவும் முயலவில்லை. "எதுக்கு மன்னிச்சார்? இனிமே பயமில்லாம உண்மையைச் சொல்லுன்னு மன்னிச்சார். அதைத் துணியா சுருட்டி நீங்க என் வாயில அடைச்சீங்க. நானும் ஆவென்னு வாயைத் திறந்து காட்டினேன். முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு சிலுவையைப் பத்திச் சொல்லிக் குடுக்கறேன் ஐயா. ஆணி அடிச்சது அவர் கையில. அதனால அவர் மன்னிக்கலாம். இங்க போனது யார் கை? உங்க கையா? என் கையா? நம்ம ரெண்டு பேரும் முட்டி போட்டு நம்மளை நாமே மன்னிச்சுக்கிட்டு வந்துட்டோம், வெட்கமா இல்ல?"

"எனக்கே சுவிசேஷம் சொல்லித் தர்றீங்களா?"

"எனக்கு நானே சொல்லிக்கிறேன். நீங்க பக்கத்துல நிக்கிறீங்க, அவ்வளவுதான்."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. அவரும் கல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போய் வாயாடிக்குத் தன் கையாலேயே ரொட்டி பிட்டு ஊட்டிவிட்டவர்தான். "பதினாலு குடும்பம் இதுல சாப்பிடுதும்மா. மூடிட்டா எல்லாரும் நடுத்தெருவுல நிப்பாங்க" என்றார்.

"பதினாலு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு கை இருக்கு ஐயா. அதை எண்ணிப் பாருங்க."

"நீங்க இனிமே வேலைக்கு வர வேண்டாம்" என்றார் அவர்.

டீச்சர் ஏப்ரனைக் கழற்றி அவர் மேசை மேல் போட்டாள். மடிக்காமல் போட்டாள். அவள் வாழ்க்கையில் ஒரு துணியை மடிக்காமல் போட்டது அதுதான் முதல் தடவை.

நேரே வாயாடி வீட்டுக்கு நடந்தாள். புருஷன் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போய், உட்காராமல், நின்றபடியே சொன்னாள். அழக் கூடாது என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள். அழுதால் அந்தப் பிள்ளை தன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடும், அதைவிடக் கேவலம் வேறில்லை.

வாயாடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எப்பக் கட்டினீங்க?"

"ரெண்டு வருஷம் முன்னாடி."

"எப்ப அவிழ்த்தீங்க?"

"உன்னை வண்டியில ஏத்தும்போது."

"அப்ப நான் தொட்டேன். என் விரல் கம்பியில பட்டது." அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "பட்டது. எனக்குத் தெரியும், பட்டது. பன்னெண்டு நாளா நான் எனக்கே பொய் சொல்லிக்கிட்டிருக்கேன். பேசினதாலதான் போச்சு, பேசினதாலதான் போச்சுன்னு. புருஷன்கிட்ட பேசறதில்ல. என் பொண்ணு கதை சொல்லச் சொன்னா வாயைப் பொத்திக்கிறேன். பேசினா மறுபடி ஏதாவது ஆயிடுமோன்னு..."

அதற்குமேல் நிதானம் இல்லை. கட்டிலிலிருந்து எழுந்தாள். பன்னிரண்டு நாள் அடைத்து வைத்திருந்த வாய் திறந்துகொண்டது. டீச்சரை, டீச்சரின் சபையை, முதலாளியின் திங்கட்கிழமை ஜெபத்தை, நேற்றுக் கொண்டுவந்து வைத்த பழத்தை, ஒன்றையும் விடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. டீச்சர் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாள்.

"நேத்து நான் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன்! நாலு பேரு முன்னாடி கேட்டேன்! நீங்க மகாராணி மாதிரி குடுத்தீங்க! அதைத் திருப்பிக் குடுங்க. நான் கேட்ட மன்னிப்பை எனக்குத் திருப்பிக் குடுங்க!"

"எப்படிடி குடுப்பேன்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே டீச்சர்! அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க. அதே இடத்துல நின்னு சொல்லுங்க."

டீச்சர் போனாள். ஒருத்தி கடைக் கல்லாவில் இருந்தாள், ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், ஒருத்திக்கு மூட்டு வலி. எல்லோரையும் ஏன் எதற்கு என்று சொல்லாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நேற்று நின்ற இடத்திலேயே நிற்கவைத்தாள். கட்டியது, அவிழ்த்தது, கையெழுத்துப் போட்டது, தெரிந்தே அந்தப் பிள்ளையை மன்னிச்சேன் என்று சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். "இவ ஒரு தப்பும் பண்ணல. இவ நாக்குக்காக நாம ஜெபிச்சோம். அந்த ஜெபத்தை என் நாக்குக்குப் பண்ணியிருக்கணும்" என்றாள்.

கண்ணாடிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழுதாள். அழுது முடித்ததும் பழக்கதோஷத்தில் வாயாடி பக்கம் திரும்பி, "சரிம்மா, டீச்சர் மனசு திறந்து சொல்லிட்டாங்க. நீயும் மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடுங்க!" என்று கத்தினாள் டீச்சர். "அவகிட்ட கேட்காதீங்க. நீங்க கேட்கக் கூடாது, நான் கேட்கக் கூடாது, போதகர் வந்தாலும் கேட்கக் கூடாது. அவளா குடுத்தா குடுக்கட்டும். இல்லைன்னா இல்ல."

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள் வாயாடி.

செவ்வாய்க்கிழமை டீச்சர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க் தலை நிமிராமல், "புகார் யார் மேல?" என்றார்.

"என் மேல."

கிளார்க் நிமிர்ந்தார். "அதுக்கு ஃபாரம் இல்லையேம்மா."

"வெள்ளைத்தாள் இருக்கா?"

மூன்று பக்கம் எழுதினாள். முதலாளி கட்டச் சொல்லவில்லை என்பதையும் எழுதினாள், அறுநூறு விரிப்பு கேட்டதையும் எழுதினாள். அலுவலக ஆட்கள் சலவைக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். மெஷின்காரிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தார்கள். அறிக்கை மாறியது. காரணம் என்ற இடத்தில் வாயாடியின் பேச்சு போய், பாதுகாப்புக் கம்பியை மேற்பார்வையாளர் கட்டிவைத்திருந்தார் என்று வந்தது. கை குணமானதும் வாயாடிக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கவேண்டும் என்று முதலாளிக்கு உத்தரவு போட்டார்கள். கூடத்தை மூடவில்லை. பழையபடி ஷிப்டுக்கு நாற்பது தடவை மெஷின் நிற்கிறது, நாலு மணி வண்டி ஆறு மணிக்குப் போகிறது, அவ்வளவுதான். சபையில் டீச்சரிடமிருந்து பிள்ளைகளின் வகுப்பை வாங்கிக்கொண்டார்கள், விசுவாசி என்கிற நல்ல பேர், அவர்கள் பாஷையில் சாட்சி, கெட்டுவிட்டதாம். வேறு ஒரு விடுதியில் துணி அடுக்கும் வேலை கிடைத்தது. பழைய பெண்களில் பாதிப் பேர் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். இதெல்லாம் வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

புகார் எழுதிக்கொடுத்த மறுநாள், புதன்கிழமை காலை ஆறரைக்கே டீச்சர் மறுபடியும் வாயாடி வீட்டு வாசலில் போய் நின்றாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்தக் குழந்தையின் வகிடு கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வாயாடி கதவை முகத்தில் அறைந்து சாத்தினாள். வியாழக்கிழமையும் சாத்தினாள். வெள்ளிக்கிழமை மகளுக்கு நேரமாகிவிட்டது, புருஷன் சீப்பை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தான். கதவு திறந்தே கிடந்தது. டீச்சர் உள்ளே போய் அவன் கையிலிருந்து சீப்பை வாங்கினாள்.

அன்றிலிருந்து தினமும் ஆறரை மணி. மகளுக்கு இரட்டைச் சடை, வாயாடிக்கு ஒற்றைச் சடை. காய் நறுக்கிக் கொடுப்பாள், ஈரத்துணி பிழிந்து போடுவாள், ஏழேகாலுக்குத் தன் வேலைக்கு ஓடுவாள். இந்த முக்கால் மணி நேரமும் வாயாடி அவளைத் திட்டுவாள். கொஞ்ச நஞ்சத் திட்டு இல்லை. விரலில் வலி அதிகமான நாளில் திட்டும் அதிகம். "புண்ணியம் சேர்க்க வர்றீங்களா?" என்பாள். "உங்க சாமி கணக்கு எழுதிக்கிறாரா?" என்பாள். சில நாள் டீச்சருக்கும் சுருக்கென்று கோபம் வரும். நானும் மனுஷிதானே, எத்தனை நாளைக்குத்தான் கேட்பது என்று சீப்பைச் சற்று அழுத்தி இழுத்துவிடுவாள். "ஐயோ தலை!" என்று வாயாடி கத்துவாள். டீச்சர் சீப்பை மெதுவாக்குவாள். வாசலைத் தாண்டும்போது சில நாள் ஜெபிப்பாள். சில நாள் ஒன்றும் வராது, வெறுமே நடப்பாள். சுவிசேஷம் தனக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்திருக்கிறது என்று ஒருநாள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். "முப்பது வருஷம் என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்றார் அவர். "மனப்பாடம்" என்றாள்.

நாலு மாதம் போயிற்று. வாயாடி மறுபடி வேலைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. டீச்சர் போனபோது அவள் குளித்துவிட்டு, புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம் பட்டன் போடாமல் திறந்து கிடந்தது. இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. அதுவே டீச்சருக்குப் பயமாக இருந்தது.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"இன்னைக்கு எழுந்திருக்கும்போது மனசு லேசா இருந்துச்சு" என்றாள் வாயாடி. "சரி போகட்டும், இந்த மனுஷியை இன்னைக்கு மன்னிச்சிடலாம், வந்ததும் சொல்லிடலாம்னு இருந்தேன். நிஜமாவே இருந்தேன்."

டீச்சர் சீப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்புறம் பட்டன் போட உட்கார்ந்தேன். அரை மணி நேரமா போடறேன். ஒண்ணுகூடப் போட வரல." அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது, கோபத் தண்ணீர். "எல்லாம் திரும்ப வந்துடுச்சு. முதல் நாள் மாதிரியே வந்துடுச்சு. உங்களைக் கொன்னுடலாம் போல இருக்கு."

"சரி" என்றாள் டீச்சர்.

"நாளைக்குப் பார்க்கலாம்."

"சரி. நாளைக்கு வர்றேன்."

டீச்சர் சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, அவள் முன்னால் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, கீழ் பட்டனிலிருந்து போட ஆரம்பித்தாள்.